ராணிப்பேட்டை குரோமியக் குவியலை யார் காசுல அள்றது?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.

ராணிப்பேட்டை சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. 1970-களில் ஆரம்பிச்சு தோல் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்பு தயாரிச்சாங்க. 1990-களில் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. விட்டுட்டுப் போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு. 2006-ல் பிளாக்ஸ்மித் என்ற அமைப்பு உலகத்துலயே மோசமா மாசுபட்ட 10 இடங்கள்னு பட்டியல் போட்டப்போ, செர்னோபில் இருந்த அதே பட்டியல்ல நம்ம ராணிப்பேட்டையும் இருந்துச்சு. இதைவிடக் கேவலம் என்ன வேணும்?

பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கறவங்களுக்குச் சட்டுனு புரியும். குரோமியம் மூணு பெரும்பாலும் மண்ணோட ஒட்டிக்கிட்டு கிடக்கும். குரோமியம் ஆறு அப்படி இல்ல, தண்ணியில கரையும், புற்றுநோய் உண்டாக்கும். மழை பெஞ்சா அந்தக் குவியல்ல இருந்து மஞ்சளா ஒழுகி நிலத்தடி நீருக்கு இறங்குறது இந்த ஆறுதான். சரி பண்ண வழி இல்லாம இல்ல. இரும்பு சல்பேட் மாதிரி ரசாயனம் சேர்த்து ஆறை மூணா மாத்தலாம். கழிவுக்கு அடியிலயும் மேலயும் தண்ணி புகாத விரிப்பு போட்டு மூடலாம். கெட்டுப்போன நிலத்தடி நீரை இறைச்சு சுத்திகரிக்கலாம். தொழில்நுட்பம் இருக்கு. பஞ்சாயத்து எல்லாம் காசுலதான்.

"மாசு பண்ணவன்தானே கட்டணும், என் வரிப்பணம் எதுக்கு?"னு கமெண்ட்ல கேப்பீங்க. நியாயமான கேள்விதான். மாசு செய்தவரே செலவை ஏற்கணும்னு உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னதே இந்தப் பாலாற்றங்கரை தோல் தொழிற்சாலைகள் வழக்குலதான். ஆனா இழுத்து மூடிட்டுப் போன கம்பெனிகிட்ட வசூல் பண்ணி முடிக்கிற வரைக்கும் குரோமியம் வாய்தா வாங்கிட்டு காத்திருக்குமா? அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், பாலாறு மாசால் பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு முதல்ல இழப்பீடு கொடுத்துட்டு, அப்புறம் மாசு பண்ணவங்ககிட்ட வசூல் பண்ணணும்னு சொல்லிடுச்சு. இழப்பீட்டுக்குச் சரின்னா நிலத்துக்கும் அதேதான் சரி. முதல்ல அள்ளு, அப்புறம் வசூல் பண்ணு.

இப்போ ஒன்றிய அரசு கதைக்கு வருவோம். 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தாங்க. வரவேற்கிறோம், மறைக்க என்ன இருக்கு. பொறுப்பானவர் கிடைக்கலன்னா, கட்ட முடியலன்னா, அரசே செலவை ஏற்கணும்னு அதுல இருக்கு. ஆனா இத்தனை வருஷத்துக்குள்ள சுத்தம் பண்ணி முடிக்கணும்னு ஒரு வரி இல்ல. நாடு முழுக்க 103 இடம் மாசுபட்டதுன்னு அடையாளம் கண்டாங்க. விதிகள் வந்தப்போ வேலை ஆரம்பிச்சிருந்தது வெறும் 7 இடத்துல!

காசு இல்லையா? 2010-ல் பசுமை வேலைகளுக்குன்னு நிலக்கரிக்கு ஒரு வரி போட்டாங்க. டன்னுக்கு 50 ரூபாய்ல ஆரம்பிச்சு 2016-ல் 400 ரூபாய் ஆச்சு. வசூலானது 86,000 கோடிக்கு மேல. அதுக்குன்னு வச்ச நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடி கூட இல்ல. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரியையே ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிட்டாங்க. காசு வந்துச்சு தோழர், இந்த வேலைக்கு வரல.

அமெரிக்காக்காரன் 1980-லயே எண்ணெய், ரசாயன கம்பெனிகள் மேல வரி போட்டு சூப்பர்ஃபண்ட் வச்சான். 1995-ல் அந்த வரி காலாவதியாச்சு, சுமை பொதுமக்கள் தலையில விழுந்துச்சு. 2021-ல் சட்டம் போட்டு ரசாயனம் மேலான வரியைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. நாமளும் ரசாயனத் தொழில் மேல சின்னதா ஒரு வரி போட்டு, அதை வேற எதுக்கும் தொட முடியாத நிதியா வைக்கணும்.

இன்னொன்னு. சுத்தம் பண்ண கையோட பிளாட் போட்டு விக்கிற வேலை வேணாம். சென்னை–பெங்களூரு சாலையை ஒட்டின தொழிற்பேட்டை, இடத்துக்கு மதிப்பு ஜாஸ்தி. கிடங்கு, சோலார் எது வேணா வரட்டும். வீடும் பள்ளிக்கூடமும் மட்டும் வரவே கூடாது. மக்கள் பணத்துல சுத்தமான நிலத்தோட லாபமும் அந்த நிதிக்கே திரும்பணும்.

புது விதிப்படி பொதுமக்கள் புகார் கொடுத்தா, உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ அந்த இடத்தைச் சந்தேக இடமாப் பட்டியல்ல சேர்த்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். உங்க ஊர்ல மூடிக் கிடக்கிற கெமிக்கல் கம்பெனி, சாயப்பட்டறை, கழிவு கொட்டின காலி இடம் இருந்தா போட்டோவும் ஊர் பேரும் கமெண்ட்ல போடுங்க. புகார் மனு மாதிரியை நாங்க தயார் பண்ணித் தர்றோம், கையெழுத்து உங்களோடது.