கடைசிப் பெட்டிக்கு ஒரு சிவப்பு விளக்கு!



அறிவியல் கண்காட்சிக்காக நம்ம பள்ளிக்கு ஒரு குட்டி ரயில் வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர் அண்ணன் ஒருவர் அனுப்பியது. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு. அதுக்கு 'டிகோடர்' என்ற சின்ன சிப்பும் வாங்கித் தருகிறாராம். எது வேணும் என்று நாம்தான் எழுதி அனுப்பணும். எங்க வகுப்புப் பசங்க எல்லாரும் ஹாரன் சத்தம் வருகிற டிகோடர்தான் வேணும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். அந்த விலைக்குச் சாதாரண டிகோடர் இரண்டு வாங்கிடலாம். ஒரு ரயிலுக்கு எதுக்கு இரண்டு என்று கேட்பவர்கள் மேலே படிக்கவும்.

இப்போ நம்ம ரயிலை மெதுவாக ஓட்டினால் முன் விளக்கு மங்கிப் போகுது. நிறுத்தினால் அணைஞ்சே போகுது. தண்டவாளத்தில் வரும் வோல்ட்டைக் குறைத்துத்தானே வேகத்தைக் குறைக்கிறோம், விளக்குக்கும் அதே மின்சாரம்தான். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். கட்டளையும் அதோடவே போகும். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "மூணு" என்றால் மூணாம் நம்பர் மட்டும் "உள்ளேன் டீச்சர்" சொல்கிற மாதிரி, ஒவ்வொரு டிகோடருக்கும் ஒரு நம்பர். தன் நம்பர் வந்தால் மட்டும் அது கேட்கும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாக விட்டு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். விளக்குக்குத் தனி வயர் இருப்பதால் வண்டி நின்றாலும் விளக்கு எரியும்.

மோட்டாருக்கு டிகோடர் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம் இல்லை. முழு வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி ஓடவிடாமல் பிடித்து, எத்தனை ஆம்பியர் இழுக்குது என்று சார் முன்னாடி மல்ட்டிமீட்டரில் பார்க்கணும். அதைவிட அதிகம் தாங்கும் டிகோடர் வாங்கணும். இல்லாட்டி புகைதான் வரும், நம்மது நீராவி எஞ்சினும் இல்லை!

விளக்கில்தான் யோசிக்கணும். ரயிலுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பொழுது சாய்ந்த நேரத்தில் தூரத்தில் வெள்ளை தெரிந்தால் வண்டி வருது, சிவப்பு தெரிந்தால் போகுது. நம்மில் பல பேர் லைனைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறோம். திருச்சி - காரைக்குடி லைனில் இப்போ மின்சார எஞ்சின் ஓடுது. டீசல் எஞ்சின் மாதிரி தூரத்திலேயே தடதடவென்று கேட்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விளக்குப் பாடத்தைக் காட்ட நம்மகிட்ட இருப்பது இந்தக் குட்டி ரயில் ஒண்ணுதான்.

கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பெரிய பெருக்கல் குறியும், ராத்திரியில் சிவப்பு விளக்கும் இருக்கும். கீரனூர், வெள்ளனூர் ஸ்டேஷனில் வண்டி தாண்டிப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது சும்மா அழகுக்கு இல்லை. ரயில் முழுசாக வந்து சேர்ந்ததா, நடுவில் பெட்டி ஏதும் கழன்று நிற்குதா என்று ஸ்டேஷனில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கழன்று நின்றால், பின்னால் வரும் ரயில் என்னாகும்?

எஞ்சினில் உள்ள டிகோடரால் கடைசிப் பெட்டி விளக்கை எரிய வைக்க முடியாது. அவ்வளவு தூரம் வயர் இழுத்தால் பெட்டியைக் கழற்றி மாட்டவே முடியாது. அதனால் அந்தப் பெட்டிக்குள் விளக்குக்கு மட்டுமான டிகோடர் ஒன்று வைக்கணும். இரண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்துவிட்டால், முன்பக்கம் போகும்போது எஞ்சினில் வெள்ளையும் பெட்டியில் சிவப்பும் ஒண்ணாக எரியும். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை. ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி முறையை வைத்து, 1990-களிலேயே அமெரிக்க மாடல் ரயில் சங்கம் பொது விதி போட்டுவிட்டது. வயர் நிறம்கூட விதிப்படிதான். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொது. எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் கட்டாயம்.

ஹாரன் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் கண்காட்சிக் கூட்டத்தில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் யாருக்குக் கேட்கும்? எங்க வகுப்பிலேயே எஞ்சின் மாதிரி ஊதுகிற ஆள் நாலு பேர் இருக்கிறார்கள். (பெயர் போட்டால் அடிக்க வருவார்கள்.) ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த பெரிய குட்டி ரயில் கண்காட்சியில், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விளக்கை மங்க வைத்து 'ராத்திரி' ஆக்குவார்களாம். நாமும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டிக் காட்டலாம். அப்போ பார்ப்பவர்கள் கண்ணு எங்கே போகும் என்று நீங்களே சொல்லுங்க.

இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் டிகோடருக்கும் மின்சாரம் தண்டவாளத்திலிருந்துதான் வரணும். நம்ம பெட்டிகளின் சக்கரம் பிளாஸ்டிக். அதனால் கடைசிப் பெட்டிக்கு உலோகச் சக்கரமும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடும் சேர்த்து அனுப்பச் சொல்லி எழுதணும். கடிதம் வெள்ளிக்கிழமை போகுது. ஹாரன் கட்சிக்காரர்கள் அதுக்குள் இந்தப் பலகையிலேயே பதில் எழுதலாம், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி