ஸ்டம்ப்பாக நின்ற வீரன்

பி.காம். படித்தவனிடம் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'கணக்கைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்களேன்!' ஜாதகம் பார்க்கிறவருக்காவது தட்சிணை உண்டு. எனக்கு ஒரு சொம்பு மோர்.

அப்படித்தான் மரக்காணம் போனேன். அக்கா வீட்டுக்காரர் அங்கே கொஞ்சம் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினால், வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. 'பாக்கி' என்பது 'பாக்கு' என்று தெரிகிறது.

அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். ஃபோனில் ஒரு படத்தை நீட்டினான்.

"மாமா, இவருக்குத் தலை எங்கே?"

மதுரா மியூசியத்தில் இருக்கும் கனிஷ்கர் சிலை. மாட் என்ற ஊரில் 1911-ல் கிடைத்தது. தலை போய்விட்டது. நீளக் கோட்டும், தடித்த பூட்ஸும், ஒரு பக்கம் கதையும், மறு பக்கம் வாளும் மிச்சம். மதுரா வெயிலில் கோட்டும் பூட்ஸும் எதற்கு என்கிறீர்களா? முன்னோர்கள் மத்திய ஆசியப் புல்வெளியில் குதிரையோடு அலைந்தவர்கள். ராஜ்யம் கிடைத்த பிறகும் பழைய டிரஸ்ஸை விட மனசில்லை. மே மாசத்திலும் டை கட்டுகிற சேல்ஸ் ரெப்ரசென்டேடிவ் மாதிரி!

அந்தப் புல்வெளிக்காரர்களில் இன்னொரு கூட்டம் சிதியர்கள். அவர்களுடைய வில் குட்டையானது. மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் ஒட்டிச் செய்தது. குதிரை ஓடும்போதே திரும்பி அம்பு விடலாம். வில்லுக்கும் அம்புக்கும் சேர்த்து இடுப்பில் ஒரே உறை. கிரிமியாவில் குல்-ஓபா என்ற மேட்டில் 1830-ல் ஒரு கிண்ணம் கிடைத்தது. அதில் ஒருத்தன் தொடையில் கொடுத்து வில்லுக்கு நாண் ஏற்றுகிறான். பக்கத்திலேயே இன்னொருத்தன் வாயில் கையை விட்டு ஒருவன் பல் பார்க்கிறான். மூன்றாமவனுக்குக் காலில் கட்டு. எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் பல்வலி வந்திருக்கிறது, ஸார்.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி இல்லையா மாமா?"

இருக்கிறதே! சங்க காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குப் போவார்கள். அவர்கள் போன மாதிரி மேற்கே போய்க்கொண்டே இருந்தால் திருவண்ணாமலை, செங்கம். அந்தப் பக்கமெல்லாம் நடுகற்கள். இங்கேயும் சண்டை மாட்டுக்குத்தான். ஓட்டிக்கொண்டு போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. புல்வெளியில் மந்தைக்கு அடித்துக்கொண்டார்களே, அதே கதைதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே தங்கக் கிண்ணமும் தங்கச் சீப்பும் பெரிய மனுஷனின் புதைகுழிக்குள் போயின. இங்கே ஊர்க்காரன் ஒருத்தன் செத்தால் ஒரு பலகைக் கல். பெரும்பாலும் குதிரை கிடையாது. இடது கையில் வில், வலது கையில் வாளோ குத்துவாளோ. சில கல்லில் உடம்பில் தைத்த அம்பையும் செதுக்கியிருக்கிறார்கள்.

தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல். எருமை மந்தைக்காக உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுடையது. கூடவே ஒரு நாய். கோவிவன் என்று பெயர். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. மகேந்திரவர்மனின் முப்பத்து நாலாவது ஆட்சியாண்டு. மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் எடுத்த அதே மகேந்திரவர்மன்! அவ்வளவு பெரிய ராஜாவுக்கு அந்தக் கல்லில் என்ன வேலை தெரியுமா? தேதி சொல்வது. காலண்டர் மாதிரி. விஷயம் முழுக்கக் கருந்தேவக்கத்தியும் நாயும்தான்.

பையன் வாயைப் பிளந்து கேட்டான். அவனிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். எங்கள் தாத்தா ஊர் செங்கம் பக்கம். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. சில ஊர்களில் இந்தக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எங்கள் ஊர்க் கல்லுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. லீவுக்குப் போன நாங்கள் அதில் கரியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் ஆக்கினோம். அதில் இருந்தவன் கையில் வில். நாங்கள் அவனை பேட்ஸ்மேன் என்று நினைத்தோம். எத்தனை பந்து நெஞ்சில் வாங்கினானோ! ஏற்கெனவே அம்பு வாங்கியவன்.

மறுபடி நோட்டைப் பிரித்தேன். 'ஆள் 14 - கூலி' என்று ஒரு வரி. நாள் தவறாமல் அதே வரி. எதிரே பாத்தியில் பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டினார்கள்.

"மாமா, இந்த இடத்துல பேர் எழுதணும்."

"பேர் எழுதினா கூட்டுத்தொகை மாறுமா மாப்ளே?"

"மாறாது."

"அப்புறம் என்னத்துக்கு?"

எனக்கு பதில் வரவில்லை. கோவிவன் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒவ்வொரு பேராகச் சொல்ல, நான் எழுதினேன். ஒன்பது பேரோடு நின்றுவிட்டது.

மீதி ஐந்து பேரைக் கேட்டு வர, செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.