பரீட்சையின்றித் தேறிய வகுப்பு

எம்மைக் கண்டவிடத்து, "ஓகோ, ஆல்பாஸ் கூட்டமோ!" என நகைப்பார் இன்றும் உளர். 2022ஆம் வருஷம் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பின்னர் இக்கலாசாலை புகுந்தவர் யாம். நகைப்போர் அறியவேண்டுவன சில உள.

2020ஆம் வருஷம் கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை பன்முறை ஒத்திவைக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளுக்கு 80 சதவிகிதமும், வருகைக்கு 20 சதவிகிதமுமாக மதிப்பெண் வகுத்தனர். அரையாண்டை விளையாட்டாய் எழுதிவிட்டுப் பின்னர் விழித்துப் படித்தவனுக்கு அவ்விழிப்பினால் யாதொரு பயனுமில்லை. (யாமும் அவ்வினத்தவரே.) பதினொன்றாம் வகுப்பிலோ 2021 பிப்ரவரி தொடங்கிச் சில வாரங்களே கூடியிருந்தோம், அவ்வாண்டும் பரீட்சையின்றியே தேறினோம். உயிரினும் பரீட்சை பெரிதன்றாகலின் சர்க்காரின் செய்கையைக் குறைகூறோம்.

ஆயின் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2021 செப்டம்பரில் பாடசாலை மீண்டும் திறந்த நாளில் உபாத்தியாயர் பெயர்களை வாசித்தார். இரண்டு பெயர்களுக்கு மறுமொழி இல்லை. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கூலிக்குச் சென்றவன் ஒருவன். மணமுடித்து அனுப்பப்பட்டவள் ஒருத்தி. 2022 மே மாதத்தில் யாம் எழுதிய பரீட்சையில் அவர்கள் இல்லை. வகுப்புப் படத்திலும் இல்லை.

இப்பொழுது நண்பர் சிலர் பழைய மாணவர் கூட்டம் ஒன்று கூட்டக் கருதி, அப்படத்தைக் கொண்டு அழைப்புப் பட்டியல் எழுதுகின்றனர். அது பொருந்தாது. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டே எழுதவேண்டுமென்பது எமது துணிபு. அதில் அவ்விருவர் பெயரும் உள.