கொள்ளு யாருக்கு, எள்ளு யாருக்கு?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினால், கோமுகி அணையைத் தாண்டியதுமே கல்வராயன் மலைப்பாதை தொடங்கிவிடும். மேலே போகப் போக, கண்ணில் அதிகம் படும் பயிர்களில் ஒன்று மரவள்ளி. இந்தக் கிழங்கு லாரி ஏறி, சேலம், ஆத்தூர் பக்கமுள்ள சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. மலைக்காரர்களின் கையில் காசு புரளச் செய்யும் பயிர்தான், சந்தேகமில்லை. ஆனால், அதையே அவித்து வயிற்றை நிரப்பினால் என்ன கிடைக்கும்? 100 கிராம் கிழங்கில் புரதம் சுமார் 1 கிராம். அவ்வளவுதான்.

'அதனால்தான் சிறுதானியத்துக்குத் திரும்பணும்' என்று உடனே சொல்லத் தோன்றும். இங்குள்ள மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள்) சாமை, தினை, கேழ்வரகு என்று விளைவித்துச் சாப்பிட்டவர்கள். சாமையில் 100 கிராமுக்கு சுமார் 10 கிராம் புரதம் உண்டு. நல்லதுதான். ஆனால், ரேஷன் அரிசியிலும் 7, 8 கிராம் இருக்கிறது. கேழ்வரகில் 7 கிராம்தான். ஆக, புரதக் கணக்கில் பெரிய ஓட்டை சோற்றில் இல்லை, சோற்றின்மேல் ஊற்றிக்கொள்வதில் இருக்கிறது.

ரேஷனில் மாதம் ஒரு கார்டுக்கு 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் நாலு பேர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதிலிருந்து வரும் புரதம் 2 கிராம்கூட இல்லை. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு தினமும் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. 300 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டாலும் பாதிதான் தேறும். மீதியை எங்கே தேடுவது?

தீவனம் என்று ஒதுக்கியது

கொள்ளில் தேடலாம். 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், கொழுப்போ 1 கிராமுக்கும் கீழே. புரதம் அதிகம், கொழுப்பு குறைவு என்று கடையில் டப்பா டப்பாவாக விற்கும் பவுடர்களைத் தேடுபவர்கள், அதே மளிகைக் கடையின் மூலையில் இருக்கும் கொள்ளு மூட்டையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் கடைசி மழையிலேயே மானாவாரியாக விளைந்துவிடும் பயிர் அது. பாசிப்பயறு, மொச்சை, துவரை எல்லாமே இதே ரகம்தான்: 20 கிராமை ஒட்டிய புரதம், மிகக் குறைந்த கொழுப்பு. தவிர, அரிசியிலும் சாமையிலும் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறுகளில் தாராளமாக உண்டு. சோறும் பயறும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று அடைத்துவிடும்.

வேர்க்கடலையிலும் 24 கிராம் புரதம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கூடவே 40 கிராம் கொழுப்பும் இருக்கிறது. கடலை தரும் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருவதுதான். அதற்காகக் கடலை கெட்டதா? சாப்பிடுவது யார் என்பதைப் பொறுத்தது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சும்மா சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி டவுனில் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, சாயங்காலம் பஜ்ஜி சாப்பிடுபவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்வது நியாயம். மலையில் கிழங்கு பிடுங்கி, மூட்டை சுமந்து, சீசனுக்குக் கேரளாவில் மிளகு பறிக்கப் போய் வருபவருக்கும், எடை ஏறாத குழந்தைக்கும் அதே அறிவுரையைச் சொன்னால் அது பாவம். அவர்களுக்குக் கொள்ளும் வேண்டும், ஒரு கைப்பிடி அவித்த கடலையும் வேண்டும், எள்ளுருண்டையும் வேண்டும்.

முட்டை இரண்டு தரப்புக்கும் பொது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பு கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள் கருவில்தான். பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டை தருகிறார்கள். பிள்ளை அதைச் சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாடும் புரதம் மிகுந்தது, கொழுப்பு குறைந்தது. உப்பு அதிகம் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்து அலசினாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

எண்ணெயில் கவிழ்வது

கொள்ளை வாங்கி வடையாகத் தட்டிப் பொரித்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் போச்சு. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. எளிய வழி, கடையல். வீட்டுக்கு 150 கிராம் கொள்ளை இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்துக்கு எடுத்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், சீரகத்தை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கிச் சேர்த்து, மத்தால் கடையுங்கள். நாலு பேருக்குத் தாராளமாக வரும். ஆளுக்கு 8 கிராம் புரதம். களிக்கும் பொருந்தும், சாமைச் சோற்றுக்கும் பொருந்தும். வாயுத் தொல்லை என்பவர்கள் முளைகட்டி வேகவைக்கலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும், புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.