மயக்க ஊசி போட்ட பிறகு கவனித்திருப்பவர் யார்?

"வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்னவுடன் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "வலிக்குமா?" என்பதுதான். "வலி தெரியாது, ஒரு தூக்க ஊசி போட்டுவிடுவோம்" என்று பதில் வந்ததும் நிம்மதி அடைகிறோம். அந்த ஊசி என்ன, அதை எவ்வளவு போடுவார்கள், போட்ட பிறகு நம்மைக் கவனிப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

இத்தகைய ஊசிகளில் ஒன்றான புரோபோபாலின் பெயரை உலகம் அறிந்தது ஒரு மரணத்தால். 2009ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் 50ஆம் வயதில் இறந்தார். அவருடைய சொந்த மருத்துவர் கான்ராட் மரி 2011 நவம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது பலரும் அந்த மருந்தையே நஞ்சைப் போலப் பேசினார்கள். ஆனால் நாள்தோறும் எண்ணற்ற அறுவைக் கூடங்களில் பாதுகாப்பாகப் பயன்படும் மருந்து அது. ஜாக்சனுக்கு அது கொடுக்கப்பட்ட இடம் ஒரு படுக்கையறை. அங்கே போதிய கண்காணிப்புக் கருவிகள் இல்லை. ஊசி போட்ட மருத்துவர் நோயாளியைத் தனியே விட்டு வெளியே சென்றிருந்தார். வழக்கு நின்றது இவற்றின்மேல்தான்.

அது விதிவிலக்கான நிகழ்வு என்று நாம் தள்ளிவிடலாம். முறையான மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது என்பதை அறிய இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு உதவும். மிடசோலம் என்ற தூக்க ஊசியைப் பற்றி அந்நாட்டின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2004 நவம்பர் முதல் நான்கு ஆண்டுகளில், பெரியவர்களுக்குத் தவறான அளவில் இம்மருந்து தரப்பட்டதாக 498 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் மூன்று மரணத்தில் முடிந்தவை.

காரணத்தைத் தேடியவர்கள் மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகைக் குப்பியில் 5 மி.லி. நீரில் 5 மி.கி. மருந்து இருந்தது. இன்னொன்றில் வெறும் 2 மி.லி.க்குள் 10 மி.கி. இருந்தது. உள்நோக்கிச் சோதனைக்குப் பெரியவர் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது ஏறத்தாழ 2 மி.கி.தான். முதியவர் என்றால் அரை முதல் ஒரு மி.கி. போதும். வேலை நெருக்கடியில் சிறிய குப்பியை உடைத்து முழுவதையும் ஊசிக்குழலில் இழுப்பவரின் கையில், அந்த முதியவருக்கு வேண்டியதைப் போல் பத்து மடங்கு மருந்து இருக்கும். பார்வைக்கு அது கொஞ்சம் மருந்தாகவே தெரியும்!

"கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதோடு அந்த முகமை நின்றுவிடவில்லை. இத்தகைய சோதனைகள் நடக்கும் அறைகளிலிருந்து வீரியம் கூடிய குப்பிகளை அகற்றி, ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. உள்ளதை மட்டும் வைக்கச் சொன்னது. மிடசோலத்தின் விளைவை முறிக்கும் புளுமசெனில் என்ற மருந்து எவ்வளவு செலவாகிறது எனக் கணக்குப் பார்க்கவும் சொன்னது. முறிவு மருந்து அடிக்கடி தேவைப்படும் இடத்தில் மயக்கம் அளவுக்கு மீறித் தரப்படுகிறது என்பதுதானே பொருள்? களைத்துப்போன கை தவறு செய்ய வாய்ப்பே இல்லாதபடி அலமாரியை ஒழுங்குபடுத்துவதை, நூறு அறிவுரைகளை விட மேலானதாக நாம் கருதுகிறோம்.

அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை. லேசான மயக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறப்பார். அதே ஊசி சற்றுக் கூடினால் அழைப்பு கேட்காது. இன்னும் கூடினால் மூச்சே நின்றுபோகலாம். இந்த நிலைகளுக்கு நடுவில் சுவர் ஏதும் இல்லை, ஆளுக்கு ஆள் எல்லை மாறுகிறது. மேலும், மிடசோலம் தன் வேலையைக் காட்டச் சில நிமிடங்கள் ஆகும். முதியோருக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே ஒரு சிறு அளவைப் போட்டு, குறைந்தது இரண்டு நிமிடமாவது பொறுத்திருந்து, பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். வெளியே இருபது பேர் வரிசையில் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் மிக நீளமானது. அதைச் சுருக்கும் அவசரத்தில்தான் இரண்டாவது ஊசி ஏறுகிறது.

நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் 2014 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் ஒரு தனியார் மையத்தில் தொண்டைக்கும் இரைப்பைக்குமான சோதனைக்குச் சென்றார். வயது 81. புரோபோபால் தரப்பட்டு, சோதனை நடக்கையில் மூச்சும் இதயமும் நின்றன. ஒரு வாரத்தில் இறந்தார். பின்னர் அமெரிக்க அரசு நடத்திய விசாரணையில் வெளிவந்தவை நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன. மருந்தளவைத் தீர்மானிக்க உதவும் உடல் எடை முன்கூட்டியே குறிக்கப்படவில்லை. உடல்நிலை சரிவதை உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை. மயங்கிக் கிடந்தவரைக் கைப்பேசியில் படமெடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது. புரோபோபாலுக்கு முறிவு மருந்தும் கிடையாது. மூச்சுக்கு உதவியபடி மருந்து இறங்கும்வரை காத்திருப்பதே வழி.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிடும் கருவியைக் கோவிட் காலத்திற்குப் பிறகு நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் செலுத்திக்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் அக்கருவி சில நிமிடங்கள் நல்ல எண்ணையே காட்டக்கூடும். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை அளக்கும் கருவியோ உடனே சொல்லிவிடும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011 முதல் மிதமான, ஆழ்ந்த மயக்கங்களிலும் இதைத் தம் நெறிமுறையில் சேர்த்துள்ளது. குழாய் விடும் மருத்துவரைத் தவிர, நோயாளியைக் கவனிக்கவென்றே இன்னொருவர் இருக்க வேண்டும் என்றும் அச்சங்கம் வலியுறுத்துகிறது. திரையில் குடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்ப்பார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது, அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும். அந்த இன்னொருவருக்கு ஊதியம் தர வேண்டும் என்பதால்தான் சில இடங்களில் அவர் இல்லாமல் போகிறார்.

இதைப் படித்து யாரும் சோதனைக்கே அஞ்ச வேண்டாம். குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உயிர் பிழைத்தவர்கள் பலர். ஆனால் ஊசிக்கு முன் நாம் கேட்கலாம்: "மயக்கத்தில் என்னைப் பார்த்துக்கொள்பவர் யார்?" கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நாமும் சொல்ல வேண்டியவை உண்டு. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், குடிப்பழக்கம், அன்றாடம் விழுங்கும் தூக்க மாத்திரை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முறிவு மருந்து கொடுத்து எழுப்பப்பட்டவரை உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லவும் கூடாது. புளுமசெனிலின் வேகம் மிடசோலத்துக்கு முன்பே தணிந்துவிடும் என்பதால், தெளிந்து எழுந்து உட்கார்ந்தவர் திரும்பவும் மயக்கத்தில் ஆழக்கூடும்.