சிவப்பு விளக்கைத் தாண்டச் சொல்லலாமா?

சென்ற பொங்கல் விழாவுக்கு நன்கொடை அனுப்ப நம் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்த பலருக்கு, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கைதான் தெரிந்தது. கேட்டவர்களிடம், "ஒன்றுமில்லை சார், அதைத் தாண்டி உள்ளே போங்கள்" என்றோம். நானும் இரண்டு பேரிடம் அப்படித்தான் சொன்னேன். ரயில்வேயில் காலம் தள்ளியவன், சிவப்பு சிக்னலைத் தாண்டச் சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாளை ஒரு மோசடிப் பக்கத்தில் இதே எச்சரிக்கை வந்தாலும், அந்தப் பெரியவர்கள் நாம் பழக்கியபடி தாண்டித்தான் போவார்கள்.

நடந்தது இதுதான். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. வருடா வருடம் அதைப் புதுப்பித்து வந்த தம்பி மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார்.

ஒருவர் ஞாபகத்தை நம்பி இனி இதை நடத்த முடியாது. முன்பு ஒரு சான்றிதழ் 398 நாள் வரை செல்லும். இதை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. 47 நாள் என்றால் வருடத்துக்கு எட்டு முறை. எந்தச் செயலாளரால் முடியும்?

இதற்கு வழி இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. தளம் நம்முடையதுதானா என்று பார்க்க, டொமைனின் டி.என்.எஸ். பதிவில் ஒரு குறிப்பிட்ட வரியை எழுதச் சொல்லும். டொமைன் நிறுவனம் ஏ.பி.ஐ. வசதி தந்தால், நம் சர்வரில் உள்ள சிறு புரோகிராமே அந்த வரியை எழுதி, சான்றிதழை வாங்கிப் போட்டு, பிறகு வரியை அழித்தும் விடும்.

ஆனால் ஏ.பி.ஐ. சாவி களவு போனால் தளத்தையும் மின்னஞ்சலையும் வேறு திசைக்குத் திருப்பிவிடலாம். ஒற்றைப் பாதையில் ஒரு செக்ஷனின் டோக்கன் பந்து அடுத்த செக்ஷனின் கருவிக்குள் நுழையாது. அதுபோல, இந்தச் சாவிக்கும் அந்த ஒரு வரியை மாற்றும் அதிகாரம் மட்டுமே இருக்க வேண்டும். அப்படித் தராத நிறுவனமானால், அந்த ஒரு பெயரை மட்டும் சி-நேம் பதிவு மூலம் தனி டொமைனுக்குத் திருப்பி, அதன் சாவியைச் சர்வரில் வைக்கலாம்.

தானியங்கி என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. காலாவதி நெருங்குவதை நினைவூட்டும் மெயிலை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: டொமைன் கணக்கு தனி நபர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்; மாதம் ஒருமுறை இருவர் தேதியைப் பார்க்கட்டும். இனி எந்த உறுப்பினரிடமும் சிவப்பு விளக்கைத் தாண்டச் சொல்ல வேண்டாம்.