பெயரைப் பறிகொடுத்த சிறுமி

ஹயாவோ மியாஸாகி என்னும் ஜப்பானியக் கலைஞர் 2001-ஆம் வருஷத்தில் படைத்த 'ஸ்பிரிட்டட் அவே' என்ற சித்திரப் படத்தைப் பார்த்தோம். குழந்தைகளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலிருக்க எண்ணும் பெற்றோர்கள் இதை முக்கியமாய்ப் பார்க்க வேண்டும். பணம் பிறகு கொடுத்துக்கொள்ளலாமென்று, தெய்வங்களுக்கான உணவில் கை வைத்துப் பன்றிகளாய்ப் போகிறவர்கள் இதில் பெற்றோர்களே!

அவர்களை மீட்கும்பொருட்டுப் பத்து வயதுச் சிஹிரோ, தெய்வங்கள் நீராட வரும் விடுதியில் வேலைக்கு அமருகிறாள். எஜமானி யுபாபா, ஒப்பந்தத்தில் சிறுமி இட்ட கையெழுத்திலிருந்தே எழுத்துக்களைப் பறித்துக்கொண்டு, மிச்சத்தை 'ஸென்' என்று சூட்டுகிறாள். சொந்தப் பெயர் மறந்தால் வீட்டுக்கு வழியும் மறந்துபோகும். பெயரைப் பறிப்பதிலேயே இவ்வளவு பயங்கரத்தைக் காட்டிய படத்தை நாம் அதிகம் கண்டதில்லை.

அவளுக்கு உதவும் ஹாக்கு, அடுக்கு வீடுகளுக்காகத் தூர்க்கப்பட்ட ஒரு நதியின் ஆவி. தன் பெயரை அடியோடு மறந்தவன். சிறு வயதில் தான் விழுந்த நதியின் பெயரை அவள் நினைவுகூர்ந்து சொல்ல, அவன் மேனிச் செதில்கள் வானில் உதிர்கின்றனவே, அந்தக் கட்டம் ஒன்றே போதும்.

முகமூடிப் பூதத்தின் விருந்து ரகளை சற்று நீளந்தான். பெற்றோரை அடையாளம் காணும் இறுதிச் சோதனையோ கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. 2003-இல் ஆஸ்கார் பரிசளித்தவர்கள் இக்குறைகளைப் பொருட்படுத்தவில்லை, நாமும் பொருட்படுத்தவில்லை. நீர்மேல் ஓடும் ரயிலில் சிஹிரோ மௌனமாய் அமர்ந்து செல்லும்போது மட்டும், "அப்புறம் என்ன?" என்று கேட்கும் குழந்தைகளைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.